தேதி சொல்ல வெட்கப்படலாமா?



இந்த மாதம் இந்தப் பக்கத்தில் வரும் விஷயத்தைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா சங்கத்து ஏட்டில் எழுதுவார்கள்?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தால் சுளிக்கட்டும். நீரிழிவைப் பற்றி எழுதலாம், பாம்புக் கடியைப் பற்றி எழுதலாம். ஆனால் பிரட்டுக்கு வந்து நிற்கிற அத்தனை பெண்களுக்கும் மாதாமாதம் நடக்கிற காரியத்தைப் பற்றி மட்டும் எழுதக்கூடாது என்றால், இது யாருக்காக நடத்தும் சுகாதாரப் பக்கம்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தைப்பூசம் கழிந்து சில வாரங்கள் இருக்கும். கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பார்க்கிற ஓர் அக்காளுக்குத் துணையாக, அம்பாங்கில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அக்காளுக்கு வயது 41. அம்பாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்தவர். ஏழெட்டு மாதமாகவே அவருக்கு மாதவிலக்கு தாறுமாறு. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. உடம்பு ஓய்ந்து போகிறது, மாடிப்படி ஏறினால் கால் கெஞ்சுகிறது, ஆள் பருத்துக்கொண்டும் போகிறார். வேறோர் இடத்தில் ஏற்கெனவே இரத்தம் சோதித்து வாங்கிய தாளை நாலாக மடித்து, பணப்பையில் வைத்திருந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், மலாய்க்காரர். தாளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்: "கடைசியாக எந்தத் தேதியில் வந்தது?" நான் தமிழில் கேட்டேன். அக்காள் தம் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் தொங்கிய பல் படத்தைப் பார்த்தார். கடைசியில் அக்காள் என் காதருகே குனிந்து, "தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போக முடியாம வீட்டுலயே நின்னேன் தங்கச்சி. அப்போதான். இல்ல... அது போன வருசமா?" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த இரத்தம் எடுத்த அன்றைக்கு இவருக்கு எத்தனையாவது நாள் என்று தெரியாமல் இந்த எண்ணை வைத்து நான் என்ன சொல்வது?" என்று கேட்டார். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறிப் போய், ஊசி குத்திக் கொடுத்த இரத்தம் வீண். குற்றம் யார் மேல்? அக்காள் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. தாளில் நாளைக் கேட்டுக் குறிக்காதவர் மேல் பாதி. "இதையெல்லாம் வெளியில் சொல்லக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நம் எல்லார் மேலும் மீதி.

நாள் தெரியாமல் எண்ணுக்கு ஏன் அர்த்தமில்லை? அதை விளக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில், எலும்பில் குழித்த ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் பட்டாணிக் கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்பார்கள். பழைய பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் கபச் சுரப்பி என்று இருக்கும். அந்தக் காலத்து வைத்தியர்கள் மூளையிலிருந்து கபம் இறங்கும் வழி இதுதான் என்று தவறாக நினைத்ததால் வந்த பெயர். எடை அரை கிராம் அளவுதான். ஆனால் பால் சுரப்பது, பிள்ளை வளர்வது, தைராய்டு வேலை செய்வது, பயந்தால் உடம்பு சமாளிப்பது, சிறுநீர் எவ்வளவு போகவேண்டும் என்பது, மாதவிலக்கு வருவது, எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கேயிருந்துதான் போகிறது.

தோட்டத்து வழக்கப்படி சொல்கிறேன். மூளையில் ஹைப்போதலாமஸ் என்கிற பகுதி ஆபீசு. பிட்யூட்டரி தண்டல். கருப்பையின் இரண்டு பக்கமும் இருக்கிற முட்டைப்பைகள் வேலையாட்கள். ஆபீசிலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்னும் ஓலை வருகிறது. அதைப் பார்த்துத் தண்டல் எப்.எஸ்.எச்., எல்.எச். என்று இரண்டு உத்தரவுகளை இரத்தத்தில் அனுப்புகிறார். முட்டைப்பை வேலை செய்து, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்று கணக்குத் திருப்பி அனுப்புகிறது.

இதுவரை கேட்டால் நம் தோட்டம் மாதிரிதான் இருக்கிறது, மேலேயிருந்து கீழே. ஆனால் உள்ளே ஒரு அதிசயம் உண்டு. கீழேயிருந்து போகும் சேதிக்குத் தகுந்தபடி தண்டலின் காதே மாறிவிடுகிறது! ஆபீசு ஓலை அதேதான். ஆனால் மாதத்தின் தொடக்கத்தில் அந்த ஓலைக்கு அவர் கொடுக்கும் பதில் ஒன்று, நடுவில் கொடுக்கும் பதில் வேறு, கடைசியில் வேறு.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அந்த ஓலை என்ன பொருள் என்று கண்டுபிடிக்க ரோஜர் கில்லெமின் என்பவர் இலட்சக்கணக்கான ஆட்டு மூளைத் துண்டுகளையும், ஆண்ட்ரூ ஷாலி என்பவர் அதே போல் பன்றி மூளைகளையும் அரைத்து வடித்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டி. 1977-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். கூடவே, இரத்தத்தில் மிகச் சிறிய அளவு ஹார்மோனையும் அளக்க வழி கண்ட ரோசலின் யாலோ என்னும் அம்மையாருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பொருள் கையில் கிடைத்தபின், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாமுவேல் யென் போன்ற டாக்டர்கள் அதைப் பெண்களுக்கு மாதத்தின் வெவ்வேறு நாட்களில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மருந்து ஒன்றே. ஆனால் மாதவிலக்கு முடிந்த கையோடு போட்டால் எல்.எச். கொஞ்சம்தான் ஏறியது. முட்டை வெளிவரும் நாளை ஒட்டிப் போட்டால் பல மடங்கு ஏறியது. முட்டை வந்த பிறகும், தொடக்க நாட்களைவிட அதிகமாகவே இருந்தது.

காரணம் ஈஸ்ட்ரோஜன். அது கொஞ்சமாக இருக்கும்போது பிட்யூட்டரியை அடக்கி வைக்கிறது. முட்டை முதிர முதிர அதன் அளவு ஏறி, ஏறிய நிலையிலேயே இரண்டு நாள் போல நின்றுவிட்டால், அடக்குவதை விட்டுவிட்டுத் தூண்டிவிட ஆரம்பிக்கிறது. ஒரு ஆள் முணுமுணுத்தால் தண்டல் "சும்மா இரு" என்பார். டிவிஷன் முழுக்க ஆபீசு வாசலில் இரண்டு நாள் நின்றால் கதை வேறு அல்லவா? அப்படித்தான். எல்.எச். ஒரே நாளில் ஐந்து பத்து மடங்கு பொங்கி எழுகிறது. அது எழத் தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வருகிறது. அந்தப் பொங்கலும் பெரும்பாலான பெண்களுக்கு நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில்தான் தொடங்குகிறது. வெட்டுக்காரப் பெண்கள் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிற நேரம்!

ஆபீசு ஓலையும் சும்மா வருவதில்லை. விட்டு விட்டு வருகிறது. முதல் பாதியில் மணிக்கு ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒன்று என்று. முட்டை வந்த பிறகு மூன்று நான்கு மணிக்கு ஒன்றாகக் குறைகிறது. எர்ன்ஸ்ட் நோபில் என்னும் விஞ்ஞானி 1970-களில் குரங்குகளிடம் சோதித்தார். மணிக்கொரு முறை கொடுத்தால் பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் வேலையை நிறுத்திவிட்டது. பிரட்டு மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் யார் எழுந்து வருவார்கள்?

இப்போது அக்காளின் தாளுக்கு வருவோம். எல்.எச். கூடுதல் என்று எழுதியிருக்கிறது. நடு மாதத்தில் எடுத்திருந்தால் அது நோயே அல்ல, நல்ல செய்தி. மூன்றாம் நாளில் எடுத்திருந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம். எப்.எஸ்.எச். தொடக்க நாளில் மிகவும் கூடியிருந்தால், முட்டைப்பை ஓய்கிறது, மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்குகிறது என்று சந்தேகிக்கலாம். நடு மாதத்தில் அதுவும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நாள் தெரியாவிட்டால் டாக்டர் கையில் இருப்பது விலாசம் இல்லாத கடிதம்.

ஆகவேதான் எப்.எஸ்.எச்., எல்.எச். சோதிக்க இரத்தத்தை மாதவிலக்கு வந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். முட்டை வந்ததா என்று அறிய புரோஜெஸ்டரோனை, அடுத்தது வருவதற்கு ஏழு நாள் முன்னால் பார்க்கிறார்கள். 28 நாள் கணக்குக்காரருக்கு அது 21-ஆம் நாள். 35 நாள் கணக்குக்காரருக்கு 28-ஆம் நாள். எல்லாருக்கும் 21 என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது சரியல்ல. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த மாத்திரை வேலை செய்வதே பிட்யூட்டரியைத் தூங்க வைத்துத்தான். சிலாங்கூர் குடும்பத் திட்டச் சங்கம் 1953-இல் தொடங்கியது. அதற்குப் பிந்திய காலத்தில் மாத்திரை வந்து, தோட்டத்துப் பெண்கள் கையிலும் சேர்ந்தது. எத்தனை பேருக்கு அது தலைக்குள் இருக்கும் ஒரு பட்டாணியிடம் போய்ப் பேசுகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நின்றுபோன அம்மாமார்களுக்கு முட்டைப்பை பதில் சொல்லாததால், பிட்யூட்டரி "ஏன் பதில் இல்லை, ஏன் பதில் இல்லை" என்று மேலும் மேலும் கத்துகிறது. எப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் சிறுநீரில் கொட்டும். இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து வடித்து, பிள்ளை இல்லாதவர்களுக்கு மருந்து செய்தார்கள். 1962-இல் இஸ்ரேலில் அந்த மருந்தால் முதல் குழந்தை பிறந்தது. பிள்ளை பெறாத அம்மையார்கள் தந்த பிள்ளைகள்!

சரி, இதெல்லாம் டாக்டர் வீட்டு விஷயம், வேலைக்காட்டுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பெரிய சம்பந்தம்.

பிட்யூட்டரியின் பின்பக்கத்திலிருந்து வாசோபிரஸ்ஸின் என்று ஒன்று வெளிப்படுகிறது. உடம்பில் நீர் குறைந்து இரத்தம் கெட்டியாகும்போது, "சிறுநீரைக் குறை, நீரைப் பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதுதான். முட்டை வெளிவந்த பிறகு, அடுத்த மாதவிலக்கு வரை உள்ள இரண்டு வாரத்தில், இந்தக் கணக்கு கீழே இறங்குகிறது. அதாவது, இரத்தம் அவ்வளவு கெட்டியாகும் முன்னாலேயே வாசோபிரஸ்ஸின் வெளியாகிறது, தாகமும் சீக்கிரமே எடுக்கிறது. கூடவே உடம்புச் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது. வேர்க்கத் தொடங்குவதும் அந்தக் கூடிய சூட்டில்தான். மாதவிலக்கு வந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணி வெயில். முதுகில் நிறைந்த மருந்துப் பம்பு. முகமூடி, கையுறை, ரப்பர் சப்பாத்து, நீளக் கைச் சட்டை. சூடு ஏற்கெனவே அரை டிகிரி கூடிய உடம்பு, "தண்ணி குடு, தண்ணி குடு" என்று கேட்கிறது. ஆனால் நம் சகோதரி குடிக்கமாட்டார். ஏன்? குடித்தால் ஒதுங்கப் போகவேண்டும். எங்கே ஒதுங்குவது? செம்பனைக் காட்டில் கக்கூஸ் ஏது? ஆம்பிளைகள் மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறார்கள். கையுறையைக் கழற்றி, மருந்து பட்ட கையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல், மாதவிலக்குத் துணியோடு ஒரு பெண் என்ன செய்வாள்? "காலையில ஒரு மொடக்கு தேத்தண்ணியோட சரி, வீட்டுக்குப் போயித்தான் தண்ணி" என்று அக்காள் சொன்னார். இருபது வருடமாக இப்படி. பிட்யூட்டரி என்ன உத்தரவு போட்டாலும், வேலைக்காட்டில் கக்கூஸ் இல்லாத உத்தரவுதான் பெரிய உத்தரவாக இருக்கிறது. கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும் நம் தலைவர்கள் சம்பளத்துக்கு அடுத்த வரியில் இதை எழுதவேண்டும் என்பது என் கட்சி. நிரைக்கு எட்டும் தூரத்தில் கக்கூஸ், கை கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும், குடிக்கத் தனித் தண்ணீர். இதற்கு எந்த நோபல் பரிசுக்காரரும் வேண்டியதில்லை.

மருந்தைப் பற்றிப் பேசியதால் ஒன்று. "மருந்து அடிச்சதாலதான் எனக்கு இப்படி ஆச்சா?" என்று அக்காள் டாக்டரிடம் கேட்டார். ஒரே ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். அது நியாயமான பதில்தான். ஆனால் கேள்வியும் நியாயமானது. கேரளத்தில் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் இருபது வருடத்துக்கு மேல், 2000 வரை, எண்டோசல்பான் மருந்தை விமானத்திலிருந்து தெளித்தார்கள். அங்கே வளர்ந்த பையன்களை ஆமதாபாத் தேசியத் தொழில் சுகாதாரக் கழகத்தார் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பருவமடைவது தாமதமாகியிருந்தது, மருந்து பட்ட அளவோடு சேர்ந்து டெஸ்டோஸ்டெரோன் குறைந்தும் எல்.எச். கூடியும் இருந்தன. பூச்சி மருந்து தலைக்குள் இருக்கும் பட்டாணியின் கணக்கு வரைக்கும் போகும் என்பதற்கு இது போதும். நம் நாட்டிலும் பாராகுவாட்டை ஒழிக்க எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது! 2002-இல் நிறுத்துவோம் என்றார்கள், 2006-இல் மறுபடி திறந்துவிட்டார்கள், 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை வந்தது.

சாப்பாட்டுக்கும் பிட்யூட்டரிக்கும் உள்ள உறவை நம் பாட்டிமார் அறிவார்கள். "வயித்துக்கு இல்லாதவளுக்கு மாசம் ஏது?" என்று சொல்வார்கள். 2003-இல் அமெரிக்காவில் ஆன் லூக்ஸ் என்னும் விஞ்ஞானி, வேலைக்குத் தகுந்த சாப்பாடு கொடுக்காமல் ஐந்தே நாள் பெண்களை வைத்துப் பார்த்தார். அளவு ஓர் எல்லைக்குக் கீழே போனதும் எல்.எச். துடிப்பு மந்தமாகிவிட்டது. ஐந்தே நாள்! பிள்ளைக்கு முட்டை, புருஷனுக்கு மீன், தனக்கு ரசம் என்று பரிமாறுகிற நம் தாய்மார்களை நினைத்துக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவது வயதான தாய்மாருக்கு. இன்றைக்கு வங்சா மாஜு என்று அடுக்குமாடிகள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஹாத்தோர்ண்டன் ரப்பர் தோட்டம் இருந்தது. அம்பாங், உலு கிளாங் பக்கத்து மாடி வீடுகளில் பழைய தோட்டத்து அம்மாமார் பலர் இருக்கிறார்கள். லயத்து அறையில், மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி காலத்தில் பிட்யூட்டரி பருத்துவிடும். அப்போது பிரசவத்தில் இரத்தம் அளவு மீறிப் போனால், அந்தச் சுரப்பிக்கு இரத்தம் போதாமல் அது செத்துவிடலாம். 1937-இல் கிளாஸ்கோவில் ஹரால்ட் ஷீஹன் என்னும் டாக்டர் இதை விளக்கினார். அவர் பெயராலேயே ஷீஹன் நோய் என்கிறார்கள். முதல் அடையாளம், மாரில் பால் சுரக்காது. பிறகு மாதவிலக்கு திரும்பி வராது. அக்குள் முடி உதிரும். குளிர் தாங்காது, எழுந்தால் தலை சுற்றும், எப்போதும் அசதி. இதைக் கண்டுபிடிக்கப் பத்து இருபது வருடம்கூட ஆகிறது. காஷ்மீரில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளை பெற்ற 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இந்த நோய் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள்.

எனக்கு மனதை அறுப்பது எண்ணிக்கை அல்ல. அந்தப் பெண்களை நாம் என்னவென்று சொல்லியிருப்போம்? "பிள்ளை பெத்ததிலேர்ந்து சோம்பேறி ஆயிட்டா." "பிள்ளைக்குப் பால்கூடக் குடுக்காத மகராசி." பிரட்டில் பேர் வெட்டியிருப்பார்கள். மாமியார் பேசியிருப்பார். தலைக்குள் ஒரு சுரப்பி செத்துக் கிடந்தது யாருக்குத் தெரியும்? உங்கள் வீட்டில் இப்படி ஒரு தாயார் இருந்தால், "பிள்ளை பெற்றபோது இரத்தம் நிறையப் போனது, பால் வரவில்லை, அப்புறம் தலைக்குளியே இல்லை" என்ற மூன்று வாக்கியங்களையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். குறைந்துபோன ஹார்மோனை மாத்திரையாகக் கொடுக்கலாம். நாற்பது வருடம் கழித்தும் கொடுக்கலாம்.

பால் கொடுக்கிற தாய்மாருக்கு வேறு கணக்கு. பிள்ளை சப்பச் சப்ப புரோலாக்டின் ஏறுகிறது, ஆபீசு ஓலை மந்தமாகிறது, முட்டை வருவதில்லை. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், முதல் ஆறு மாதம் நூற்றுக்கு 98 பங்கு கருத்தடை என்று 1988-இல் இத்தாலியில் பெல்லாஜியோ என்னும் ஊரில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். ஆனால் ஆயக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஏழெட்டு மணி நேரம் காட்டில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2023 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் பிரசவ விடுமுறை 98 நாள். அதற்குப் பிறகு? பிள்ளைக்கு மூன்று மாதம், தாய்க்கு நிரை.

விடுமுறை என்றதும், "மாதவிலக்குக்கும் லீவு கேட்கவேண்டும்" என்று இளைய சகோதரிகள் சிலர் சொல்கிறார்கள். பக்கத்து இந்தோனேசியாவில் 2003-ஆம் வருடத்து 13-ஆம் எண் தொழிலாளர் சட்டத்தின் 81-ஆவது பிரிவு, முதல் இரண்டு நாளும் வலி இருந்தால் வேலைக்கு வரவேண்டியதில்லை என்கிறது. பீகாரில் அரசாங்க வேலைப் பெண்களுக்கு 1992-லிருந்து மாதம் இரண்டு நாள் உண்டு. நல்லதுதான். ஆனால் இந்தோனேசியச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: வலி இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். நம் தோட்டத்தில் அதை யாரிடம் தெரிவிப்பது? தண்டலிடம், பிரட்டில், நாலு பேர் முன்னால். டாக்டரின் காதில்கூடச் சொல்ல முடியாத அக்காள், தண்டலிடமா சொல்லுவார்? வெட்கம் போகாத இடத்தில் சட்டம் புத்தகத்திலேயே தூங்கும். அதனால் நான் லீவுக்கு எதிரி அல்ல. ஆனால் முதல் கோரிக்கையாக அதை வைக்கமாட்டேன். கையில் ஏற்கெனவே இருக்கிற உரிமையை முதலில் பயன்படுத்துவோம். 1955 வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்கு 18, அதற்கு மேல் 22. எழ முடியாத வலி ஒரு நோய். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது எம்.சி. அதை வெட்டக் கிராணிக்கு உரிமை இல்லை.

உரிமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். மகாராஷ்டிரத்தில் பீட் என்னும் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், ஒரு நாள் நின்றால் அபராதம் கட்டவேண்டுமே என்று பயந்து, கருப்பையையே எடுத்துவிட்டார்கள். 2019-இல் அரசாங்கக் குழு 82,000 பெண்களுக்கு மேல் விசாரித்தது. 13,000-க்கு மேற்பட்டோருக்குக் கருப்பை இல்லை. முட்டைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, முப்பது வயதிலேயே கிழவியின் பிட்யூட்டரி. தமிழ்நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரையைக் கொடுத்து மறுபடி இயந்திரத்தில் உட்கார வைத்ததை, அதே 2019-இல் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசிய பத்திரிகையாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். தண்டல் கொடுக்கும் மாத்திரையை, பெயர் தெரியாமல் யாரும் விழுங்கவேண்டாம்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "பொம்பளைங்களுக்கு மாசத்துல நாலு நாளு மூளை கெட்டுப் போவும்" என்று கள்ளுக்கடையில் சிரிப்பது வழக்கம். 1999-இல் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி. ஆண்களையும் பெண்களையும் அந்நியர் முன்னால் நிறுத்திப் பேச வைத்து, மனக்கணக்குப் போட வைத்தார்கள். பதற்றத்தில் உமிழ்நீரில் கார்ட்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். மாதத்தின் முன்பாதியில் இருந்த பெண்களுக்குக் குறைவாக ஏறியது. பின்பாதியில் இருந்தவர்களுக்குக் கூடியது. எவ்வளவு கூடியது தெரியுமா? ஆண்களுக்கு எப்போதும் ஏறுகிற அளவுக்கு!

அக்காள் கதையை முடிக்கவில்லை. டாக்டர் அன்றைக்கு ஊசி குத்தவில்லை. "அடுத்து எப்போது வந்தாலும் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்றாம் நாள் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். தங்கை வீட்டு அடுக்களையில் மளிகைக் கடை கொடுத்த காலண்டர் தொங்கியது. அதில் ஒரு சிவப்புப் பென்சிலைக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தேன். ஐந்து வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. மூன்றாம் நாள் இரத்தம் எடுத்தார்கள். எப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் அந்த நாளுக்குச் சரியாக இருந்தன. கூடியிருந்தது பிட்யூட்டரியின் வேறோர் உத்தரவு, டி.எஸ்.எச். தைராய்டு சோர்ந்து போனதால் பிட்யூட்டரி அதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலில் புரோலாக்டினும் கொஞ்சம் ஏறி, மாதவிலக்குக் கணக்கைக் குழப்பிவிட்டது. விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மறுபடி சோதிக்க ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"தேதி கேட்டாங்க தங்கச்சி, சொன்னேன்" என்றார் அக்காள். "எங்க வீட்டுக்காரரு பக்கத்துலதான் இருந்தாரு. இந்தத் தடவ அவரு பல்லு படத்தப் பாக்கல. ரெண்டாந்தேதின்னு அவரே சொன்னாரு."